பெர்லின் சுவர் ஒரே இரவில் எழுந்ததா?

புதுவாசகி | ஆகஸ்ட் 13, காலை 8.10

இன்று காலையிலிருந்து எங்கே பார்த்தாலும் ஒரே வரி: 1961 ஆகஸ்ட் 13 அன்று இரவோடு இரவாகச் சுவர் எழுந்தது, விடிந்து பார்த்தால் பெர்லின் இரண்டாகக் கிடந்தது. கூடவே போடுகிற படத்தில் இருப்பது பன்னிரண்டடி கான்கிரீட். அதை ஒரு ராத்திரியில் எப்படிக் கட்டினார்கள்? இன்னொரு குழப்பமும் இருக்கிறது. சுவர் மேற்கு பெர்லினைத்தான் சுற்றி ஓடியது என்கிறார்கள். அப்படியானால் அடைபட்டது யார்?

வரைபடக்காரன் | ஆகஸ்ட் 13, காலை 9.25

அந்த இரவில் வந்தது முள்கம்பி. சுவர் பிறகுதான் வந்தது.

சனி கழிந்து ஞாயிறு பிறந்த நேரம். மணி ஒன்றைத் தாண்டியதும் பிராண்டன்பர்க் வாயிலில் விளக்குகளை அணைத்தார்கள். காவலர்களும் ஆயுதம் தாங்கிய தொழிலாளர் படையினரும் வரிசையாக நின்றுகொள்ள, தெருவில் பாவியிருந்த கல்லைத் துளைப்பான் வைத்துப் பெயர்த்து, கான்கிரீட் கம்பங்களை நட்டு, கம்பியை இழுத்துக் கட்டினார்கள். இரு பக்கமும் போய்வர 81 வழிகள் இருந்தன. அவற்றில் 69 உடனே மூடப்பட்டன. மிஞ்சிய 12-ம் பத்தே நாளில் 7 ஆகிவிட்டது. அதில் வெளிநாட்டவருக்கு ஒன்றே ஒன்று, ஃபிரீட்ரிஷ் தெருவில். செக்பாயிண்ட் சார்லி என்று பேர்பெற்றது அதுதான்.

ஆகஸ்ட் 15 அன்று, கோன்ராட் ஷூமான் என்ற 19 வயதுக் காவலர் பெர்னாவர் தெரு முனையில் மேற்கே தாவி ஓடிய படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதில் அவர் காலுக்குக் கீழே பாருங்கள். தாழக் கிடக்கிற கம்பிச் சுருள், அவ்வளவுதான். மூன்றாம் நாள்கூட அங்கே சுவர் இல்லை. அந்த வாரக் கடைசியில்தான் வீடு கட்ட வைத்திருந்த கான்கிரீட் பலகைகளையும் உள்ளீடற்ற கற்களையும் கொண்டுவந்து அடுக்கத் தொடங்கினார்கள். நீங்கள் படத்தில் பார்க்கிற வழவழப்பான சுவர் 1975-க்குப் பிந்தியது.

அடைபட்டது யார் என்ற கேள்விக்கு: கிழக்கு ஜெர்மனிக்காரர்கள். பெர்லின் நகரமே கிழக்கு ஜெர்மனிக்கு நடுவில், மேற்கு ஜெர்மனி எல்லையிலிருந்து 150 கி.மீ.க்கும் அப்பால் இருந்தது. அந்த நகரத்தின் மேற்குப் பாதிக்குள் ஒருவர் கால்வைத்துவிட்டால், அங்கிருந்து விமானம் ஏறி மேற்கு ஜெர்மனிக்குப் போய்விடலாம். அந்த ஓட்டையை அடைக்கத்தான் சுவர்.

வரைபடக்காரன் | ஆகஸ்ட் 13, காலை 11.50

மேலே எழுதியதில் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். 'நகரத்தை இரண்டாக வெட்டிய நாள்' என்று ஆகஸ்ட் 13-ஐச் சொல்வதே பாதி உண்மைதான். நகரம் அதற்கு 13 வருடம் முன்பிருந்தே ஒவ்வொரு இழையாக அறுபட்டுக்கொண்டிருந்தது. கடைசி இழை அறுந்த நாள் அது.

1948 ஜூனில் மேற்கே புது மார்க் நாணயம் வந்தது. கிழக்கே உடனே தனி நாணயம். ஜூன் 24-இல் தொடங்கி 1949 மே 12 வரை சோவியத் முற்றுகை. அந்தக் காலம் முழுக்க நிலக்கரியும் மாவும் விமானத்தில் வந்தன. முற்றுகைக்கு நடுவிலேயே, 1948 நவம்பர் 30-இல், நகராட்சி இரண்டானது. ஒரு ஊருக்கு இரண்டு மேயர்.

1952 மார்ச்: மேற்கு பெர்லினின் மின்சாரத் தொடர்பு துண்டிப்பு. அன்றுமுதல் அது மின் தீவு. தேவையான மின்சாரம் முழுவதையும் நகருக்குள்ளேயே எடுக்க வேண்டும்.

1952 மே 26: இரண்டு ஜெர்மனிகளுக்கும் நடுவிலான நீண்ட எல்லையைக் கிழக்கு மூடியது. 10 மீட்டர் உழுத மண், 500 மீட்டர் பாதுகாப்புப் பட்டை, 5 கி.மீ. தடைப் பகுதி. மறுநாளே பெர்லினுக்குள் கிழக்கு, மேற்கு தொலைபேசி இணைப்புகளும் போயின. பக்கத்துத் தெருவில் இருக்கிற அக்காவோடு பேச வேண்டுமென்றால் நடந்துதான் போக வேண்டும். 1971 ஜனவரி 31 வரை இதே நிலை. அன்றும் திரும்பக் கிடைத்தவை வெறும் பத்து இணைப்புகள்.

1953 ஜனவரி: டிராம். கிழக்கே பெண்கள் வண்டி ஓட்டினார்கள், மேற்கு நிர்வாகத்தின் விதி அதற்கு இடம் தரவில்லை. தகராறு அங்கே ஆரம்பித்து, எல்லை தாண்டும் டிராமே நின்றுபோனது. பயணிகள் கோட்டருகே இறங்கி, நடந்து கடந்து, அந்தப் பக்கம் நிற்கிற இன்னொரு வண்டியில் ஏறினார்கள்.

1961 வரை அறுபடாமல் இருந்தவை முக்கியமாக மூன்று: எஸ்-பான் நகர ரயில், ஊ-பான் சுரங்க ரயில், மனிதர்களின் கால்.

கட்டுமானி | ஆகஸ்ட் 13, பகல் 12.30

நாலாவது ஒன்று, சாக்கடை. குழாய்கள் சரிவைப் பார்த்துப் போட்டவை. அரசியல் கோட்டுக்காக அவற்றைத் திருப்பிப் போட முடியாது. மேற்கின் கழிவுநீரில் ஒரு பங்கு சுவர் இருந்த காலம் பூராவும் கிழக்குப் பக்கம்தான் ஓடியது. ஆள் தப்பிக்காமலிருக்க உள்ளே இரும்புக் கிராதி மட்டும் பதித்தார்கள்.

புதுவாசகி | ஆகஸ்ட் 13, பகல் 2.05

கோடு என்கிறீர்களே அண்ணா, அந்தக் கோட்டை யார் எப்போது போட்டது? ஒரு தெருவின் இந்தப் பக்கம் ரஷ்யா, அந்தப் பக்கம் பிரான்ஸ் என்று எந்தக் கணக்கில் பிரித்தார்கள்?

வரைபடக்காரன் | ஆகஸ்ட் 13, மாலை 6.40

போட்டவர்கள் 1920-இல் இருந்த நகராட்சி அதிகாரிகள். எதற்காகப் போடுகிறோம் என்று அவர்களுக்கே தெரியாது.

அந்த வருடம் 8 நகரங்களையும் 59 கிராமங்களையும் 27 பண்ணை நிலங்களையும் சேர்த்து மாபெரும் பெர்லின் என்று ஒன்றாக்கி, 20 வட்டங்களாகப் பிரித்தார்கள். வரி வசூல், பள்ளிக்கூடம், குப்பை அள்ளுதல், இதற்கான கோடுகள். 1944 செப்டம்பர் 12-இல் லண்டனில் நேச நாடுகள் உட்கார்ந்து ஜெர்மனியைப் பங்குபோட்டபோது, பெர்லினுக்கு அந்த வட்ட வரைபடத்தை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். சோவியத்துக்கு 8 வட்டம், அமெரிக்காவுக்கு 6, பிரிட்டனுக்கு 4, பிறகு வந்து சேர்ந்த பிரான்சுக்கு 2.

குப்பை வண்டிக்குப் போட்ட கோட்டை நாட்டு எல்லையாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு பெர்னாவர் தெருதான் சாட்சி. நீளம் 1.4 கி.மீ. வடக்கே வெட்டிங் வட்டம், பிரெஞ்சுப் பகுதி. தெற்கே மிட்டே வட்டம், சோவியத் பகுதி. கோடு தெருவின் நடுவில் போகவில்லை. தெற்கு வரிசை வீடுகளின் முகப்புச் சுவரிலேயே போயிற்று. வீடு கிழக்கு, வாசலுக்கு வெளியே நடைபாதை மேற்கு. நிலைப்படியில் நிற்கிறவரின் ஒரு கால் சோவியத் பகுதியில், மறு கால் பிரெஞ்சுப் பகுதியில்.

கம்பி வந்த பிறகு முதலில் முன்வாசலை அடைத்தார்கள். அடுத்து கீழ்த்தள ஜன்னல்களைச் செங்கல் வைத்துப் பூசினார்கள். ஜனங்கள் மாடி ஜன்னலுக்கு ஏறினார்கள். கீழே மேற்கு பெர்லின் தீயணைப்புக்காரர்கள் துணி விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஆகஸ்ட் 22 அன்று 48-ஆம் எண் வீட்டிலிருந்து ஈடா சீக்மான் மெத்தைகளைக் கீழே எறிந்துவிட்டு மூன்றாம் மாடியிலிருந்து குதித்தார். அவருக்கு மறுநாள் 59-ஆவது பிறந்தநாள். சுவரின் முதல் சாவு அவருடையது. இலையுதிர் காலத்துக்குள் அந்த வரிசையில் குடியிருந்த சுமார் 2,000 பேரையும் காலி செய்ய வைத்தார்கள். பிறகு வீடுகளை இடித்தார்கள். கீழ்த்தள முகப்பை மட்டும் விட்டுவைத்தார்கள். யாரோ படி இறங்கிய வாசல்களும் எட்டிப்பார்த்த ஜன்னல்களும், செங்கல்லால் அடைபட்டபடி, 1980 வரை அங்கே எல்லைச் சுவராக நின்றன.

கோடுவிடாதவர் | ஆகஸ்ட் 13, இரவு 8.15

கிழக்கைக் கொடுமைக்காரனாகவே காட்டுகிறீர்கள். தொழில் கற்ற ஆளெல்லாம் ஓடிக்கொண்டிருந்தால் எந்த அரசுதான் சும்மா இருக்கும்?

வரைபடக்காரன் | ஆகஸ்ட் 13, இரவு 10.20

காரணம் அதுதான் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. 1949 முதல் 1961 வரை சுமார் 27 லட்சம் பேர் போனார்கள். பெரும்பாலும் இளைஞர்கள், டாக்டர்கள், பொறியாளர்கள், கைத்தொழில் தெரிந்தவர்கள். 1961 ஜூலையில் மட்டும் 30,000-க்கு மேல். ஆகஸ்ட் 12, ஒரே நாளில் சுமார் 2,400. மேற்கு பெர்லினில் இருந்த மரியன்ஃபெல்டே அகதி முகாமில் பதிவு செய்ய இடமில்லாமல் வரிசை நின்றது. இது போக ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கிழக்கே குடியிருந்து மேற்கே வேலைக்குப் போய்வந்தார்கள்.

ஆனால் ஓடுகிறவர்களை நிறுத்தச் சுடுவதும் நியாயம் என்று அதிலிருந்து வராது. ஜூன் 15 அன்று கிழக்கு ஜெர்மனியின் தலைவர் வால்டர் உல்பிரிக்ட் நிருபர்கள் முன்னால், சுவர் கட்டும் எண்ணம் யாருக்கும் இல்லை என்று சொன்னார். நிருபர் கேட்டது எல்லையைப் பற்றி. சுவர் என்ற சொல்லை முதலில் எடுத்தது உல்பிரிக்ட்தான். ஆகஸ்ட் தொடக்கத்தில் மாஸ்கோ கூட்டத்தில் ஒப்புதல். வேலையை நடத்தியது கட்சியில் பாதுகாப்புப் பொறுப்பிலிருந்த எரிக் ஹோனெக்கர். ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்ததிலும் கணக்கு உண்டு. அன்று யாரும் வேலைக்காக எல்லை தாண்ட மாட்டார்கள், பாதி ஊர் கோடை விடுமுறையில் இருக்கும்.

கட்டுமானி | ஆகஸ்ட் 14, காலை 7.35

புதுவாசகி கேட்ட பன்னிரண்டடி கான்கிரீட்டுக்கு வருகிறேன். 1975-இல் வந்த துண்டு. உயரம் 3.6 மீட்டர், அகலம் 1.2 மீட்டர், எடை சுமார் 2.75 டன். விவசாயக் கிடங்குகளில் குவித்த சரக்கு சரியாமல் தாங்குவதற்குச் செய்த தாங்குசுவரின் வடிவம். அடியில் பாதம் இருப்பதால் ஆழமாக அஸ்திவாரம் தோண்ட வேண்டியதில்லை. கிரேனில் தூக்கி வை, பக்கத்தில் அடுத்ததை வை, இடுக்கைப் பூசு, முடிந்தது.

பாதத்தின் நீண்ட பக்கம் கிழக்கு நோக்கி இருக்கும். அதில்தான் சூட்சுமம். கிழக்கிலிருந்து லாரியை வேகமாகக் கொண்டுவந்து மோதினால், லாரியின் சக்கரம் பாதத்தின் மேலேயே ஏறிவிடும். வண்டியின் எடையே சுவரைச் சாயவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

உச்சியில் 40 செ.மீ. விட்டமுள்ள ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் குழாயை நீளவாக்கில் பிளந்து கவிழ்த்திருப்பார்கள். வழுவழு உருளையில் விரல் பிடிக்காது, கொக்கி மாட்டாது. முதல் தலைமுறைச் சுவரில் நடந்த தவறுகளிலிருந்து கற்றது இது. கல்லடுக்குச் சுவரை லாரி வைத்து உடைத்தார்கள், முள்கம்பி மேல் கோணியைப் போட்டு ஏறினார்கள்.

இப்படிச் சுமார் 45,000 துண்டுகள். சுவரின் கான்கிரீட் நீளம் 106 கி.மீ., முழுவதும் இந்தத் துண்டுதான்.

கட்டுமானி | ஆகஸ்ட் 14, காலை 9.10

கடைசி வரியைத் திருத்துகிறேன். 45,000-ஐ 1.2-ஆல் பெருக்கினால் 54 கி.மீ.தான் வருகிறது. ஆகவே 106 கி.மீ.யும் இந்தத் துண்டாக இருக்க வழியில்லை. மீதி இடங்களில் பழைய வகை நின்றது: கம்பங்களுக்கு நடுவே கான்கிரீட் பலகைகளைச் செருகி மேலே குழாய் வைத்தது. ஊர்ப்புறத்தில் சில இடங்களில் வெறும் கம்பிவலைதான்.

மொத்தச் சுற்றளவு 155 கி.மீ. அதில் நகரத்துக்கு நடுவே போனது 43 கி.மீ., மிச்சம் 112 மேற்கு பெர்லினுக்கும் சுற்றியுள்ள கிழக்கு ஜெர்மனிக்கும் இடையே.

வரைபடக்காரன் | ஆகஸ்ட் 14, காலை 10.45

இன்னொன்றும் சேர்க்க வேண்டும். சுவர் என்று நாம் சொல்வது கிழக்கிலிருந்து வருகிறவருக்குக் கடைசித் தடை. அவர் முதலில் பார்ப்பது பின்சுவர். அதைத் தாண்டினால் சமிக்ஞை வேலி. கம்பி தொட்டதும் காவல் கோபுரத்தில் விளக்கு எரியும், தொட்டவருக்கு எதுவும் தெரியாது. அடுத்து கோபுரங்கள், நாய்கள் கட்டிய கம்பி, ரோந்துப் பாதை, விளக்கு வரிசை, வாரி விட்ட மணல், வண்டி இறங்கும் பள்ளம். அப்புறம்தான் முன்சுவர். மணலைத் தினமும் வாரி வைப்பார்கள், காலடி பதிந்தால் தெரிவதற்கு. அந்த நேரத்தில் காவலில் இருந்தவர் பதில் சொல்ல வேண்டும். 1989 கணக்கில் 302 கோபுரங்கள்.

கண்ணிவெடியும் தானியங்கித் துப்பாக்கியும் பெர்லின் சுவரில் இருந்ததாகப் பலர் எழுதுகிறார்கள். தவறு. அவை இரண்டு ஜெர்மனிகளுக்கு நடுவிலான எல்லையில் இருந்தவை. பெர்லினில் சுட்டது மனிதர்கள்.

சாவு எண்ணிக்கையும் சொல்லிவிடுகிறேன். குறைந்தது 140. தப்பிக்கும்போது இறந்தவர்கள் 101. தப்பிக்கும் எண்ணமே இல்லாமல் செத்தவர்கள் 30. பணியில் இறந்த கிழக்குக் காவலர்கள் 8, சோவியத் சிப்பாய் ஒருவர்.

புதுவாசகி | ஆகஸ்ட் 14, பகல் 1.15

தப்பிக்கும் எண்ணமே இல்லாமல் 30 பேரா? எப்படி?

வரைபடக்காரன் | ஆகஸ்ட் 14, பகல் 3.30

பல விதம். அதில் நெஞ்சை அறுப்பது ஷ்ப்ரே ஆறு. கிராய்ட்ஸ்பெர்க் பக்கத்தில், ஓபர்பாம் பாலத்தருகே, மேற்குக் கரை மேற்குக்குச் சொந்தம், ஆனால் தண்ணீர் முழுவதும் கிழக்குக்கு. கோடு ஆற்றின் நடுவில் போகவில்லை, கரையிலேயே போனது. மறுபடியும் அதே வட்டக் கோடு.

மேற்குக் கரையில் விளையாடிய குழந்தை தவறி விழுந்தால், மேற்குத் தீயணைப்பு வீரர் இறங்க முடியாது. இறங்கினால் எல்லை மீறல், சுடுவார்கள். கிழக்குப் படகு வரும்வரை கரையில் கைகட்டி நிற்க வேண்டும். 1966 முதல் 1975 வரை ஐந்து சிறுவர்கள் இப்படி மூழ்கினார்கள். கடைசிக் குழந்தை 1975 மே 11, தன் ஐந்தாவது பிறந்தநாளில். அதன்பின் அந்த அக்டோபர் 29-இல்தான் காப்பாற்றுவதற்கான ஒப்பந்தம் கையெழுத்தானது. இதற்கு எந்த அரசும் சாக்குச் சொல்ல முடியாது.

நிலத்தடி | ஆகஸ்ட் 14, இரவு 9.00

சுரங்கத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. பெர்லின் மண் பெரும்பாலும் மணல், கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். அதனால் எல்லா இடத்திலும் சுரங்கம் வெட்ட முடியாது. பெர்னாவர் தெருப் பக்கம் மேட்டு நிலம், களி கலந்த மண், நீர்மட்டம் ஆழத்தில். பேர்பெற்ற சுரங்கங்கள் அங்கேயே குவிந்ததற்கு அதுவே காரணம்.

1964-இல் 57 பேர் தப்பிய சுரங்கம்: மேற்கே மூடிக்கிடந்த ஒரு ரொட்டிக்கடையின் அடித்தளத்தில் தொடக்கம், 12 மீட்டர் ஆழம், 145 மீட்டர் நீளம், உள்ளே தவழத்தான் முடியும். வெட்டிய மண்ணை வெளியே கொண்டுபோனால் மாட்டிக்கொள்வார்கள் என்று கடை அறைகளிலேயே கொட்டினார்கள். திசை கொஞ்சம் பிசகி, நினைத்த அடித்தளத்துக்குப் பதில் ஸ்ட்ரெலிட்சர் தெரு 55-இன் பின்முற்றக் கழிப்பறையில் போய்த் திறந்தது. உண்மையில் அது வசதியாகவே அமைந்தது. இரண்டாம் இரவு காவலர்கள் வந்துவிட்டார்கள். எகோன் ஷூல்ட்ஸ் என்ற காவலர் இறந்தார். சுரங்கக்காரர்கள் கொன்றார்கள் என்று கிழக்கு அவரைத் தியாகியாக்கியது. உயிர் போனது சக சிப்பாயின் குண்டால் என்பது ஜெர்மனி இணைந்த பிறகு கோப்புகளிலிருந்து வெளியானது.

நிலத்தடி | ஆகஸ்ட் 14, இரவு 9.20

சுரங்க ரயிலும் ஒரு விசித்திரம். இன்று ஊ6, ஊ8 என்கிற இரண்டு தடங்கள் மேற்கில் தொடங்கி, கிழக்கு நகருக்கு அடியில் போய், மறுபடி மேற்கில் முடியும். மேற்கு ரயில்கள் தொடர்ந்து ஓடின, ஆனால் கிழக்கு நிலையங்களில் நிற்காது. மங்கலான விளக்கு, தூசி படிந்த நடைமேடை, துப்பாக்கியோடு காவலர், ரயில் மெதுவாகக் கடந்துபோகும். பேய் நிலையம் என்று பெயரே வந்துவிட்டது. நின்ற ஒரே இடம் ஃபிரீட்ரிஷ்ஸ்ட்ராஸ. அங்கே கிழக்குக்குள் நுழையாமலே ஒரு மேற்கு ரயிலிலிருந்து இறங்கி இன்னொரு மேற்கு ரயிலுக்கு மாறலாம்.

கீரிமலை | ஆகஸ்ட் 15, அதிகாலை 1.40

அந்த ஃபிரீட்ரிஷ்ஸ்ட்ராஸவை எங்கட சனம் மறக்காது. 83 கலவரத்துக்குப் பிறகு இலங்கையில இருந்து வெளிக்கிட்ட தமிழாக்கள் கனபேர் வந்த வழி அது. கிழக்கு பெர்லின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில இறங்கினால் இடைவழி விசா கிடைக்கும். அங்க இருந்து ஃபிரீட்ரிஷ்ஸ்ட்ராஸ. அந்தச் சோதனையைக் கடந்து மேற்கு ரயிலில ஏறினால் மேற்கு பெர்லின். மேற்குப் பக்கத்தில பாஸ்போர்ட் கேக்க ஒருத்தரும் இல்லை.

வரைபடக்காரன் | ஆகஸ்ட் 15, காலை 8.00

கீரிமலை ஐயா சொன்னதில்தான் இந்த இழையின் முடிச்சே இருக்கிறது. மேற்கு ஏன் பாஸ்போர்ட் பார்க்கவில்லை? பார்த்தால் அது எல்லை என்று ஒப்புக்கொண்டதாகும். மேற்கு நாடுகளின் நிலை: பெர்லின் நான்கு வல்லரசுகள் ஆளும் ஒரே நகரம், அந்தக் கோடு வட்டங்களுக்கு நடுவிலான கோடு, நாட்டு எல்லை கிடையாது. கிழக்குக்கோ அது அரச எல்லை. ஆக, ஒரே கோட்டின் ஒரு பக்கம் கோபுரமும் துப்பாக்கியும், மறுபக்கம் சோதனைச் சாவடியே கிடையாது. கிழக்கு யாரை விடுகிறதோ அவருக்குச் சுவரில் கதவு திறந்தே இருந்தது.

மேற்கு ஜெர்மனி இதை நிறுத்தப் பேச்சு நடத்தியது. 1985-இல், அடுத்த நாட்டு விசா இல்லாத தமிழர்களுக்கு இடைவழி தருவதில்லை என்று கிழக்கு ஒப்புக்கொண்டது. அதே சமயம் மேற்கு ஜெர்மனி கிழக்குக்குத் தந்த வட்டியில்லாத வர்த்தகக் கடன் வரம்பு 85 கோடி மார்க்காக உயர்ந்தது. 1986 அக்டோபரிலிருந்து அந்தக் கட்டுப்பாடு மற்ற நாட்டு அகதிகளுக்கும் விரிந்தது. தஞ்சம் கேட்டு வந்தவர்களைப் பேரத்தில் வைத்த இந்தக் கதை, சுவரைப் பற்றிய கட்டுரைகளில் அநேகமாக வருவதே இல்லை. வர வேண்டும்.

கீரிமலை | ஆகஸ்ட் 15, காலை 8.25

ஓம் தம்பி. எழுதினதுக்கு நன்றி.

புதுவாசகி | ஆகஸ்ட் 15, மாலை 5.50

ஒவ்வொரு இழையாக அறுந்தது என்றீர்கள். 1989 நவம்பர் 9-இல் சுவர் திறந்த பிறகு எல்லாம் ஒரே நாளில் ஒட்டிக்கொண்டதா?

நிலத்தடி | ஆகஸ்ட் 15, இரவு 7.15

இல்லை. நவம்பர் 9 இரவு பதினொன்றரை வாக்கில் போர்ன்ஹோல்மர் தெருச் சாவடி திறந்தது. பேய் நிலையங்களில் முதலில் யனோவிட்ஸ் பாலம், நவம்பர் 11. பெர்னாவர் தெரு நிலையம் 1990 ஏப்ரல். பெரும்பாலானவை 1990 ஜூலை 1. போட்ஸ்டாமர் பிளாட்ஸ் எஸ்-பான் 1992 மார்ச்.

கட்டுமானி | ஆகஸ்ட் 15, இரவு 7.40

சுவரை முறைப்படி இடிக்கத் தொடங்கியது 1990 ஜூன் 13, அதே பெர்னாவர் தெருவில்.

வரைபடக்காரன் | ஆகஸ்ட் 15, இரவு 10.05

மின்சாரத்தை மறந்துவிட்டீர்கள். 1952-இல் துண்டித்த கம்பி. மேற்கு பெர்லின் மறுபடி வெளி மின்தொடரோடு சேர்ந்தது 1994 டிசம்பர் 7. அதற்குள் சுவர் போய் நாலு வருடம் ஆகியிருந்தது.